5,730 ஆண்டில் பாதியாகிவிடும் கார்பன்-14, 450 கோடி ஆண்டு வயதான பூமியில் இன்னும் எப்படி மிச்சம் இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு, பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. அப்படியானால் அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே, இன்றைக்கும் மரத்திலும் நம் உடம்பிலும் எப்படி இருக்கிறது? கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: கார்பன்-13 சிதையாத நிலையான ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) என்றால், பழம்பொருளின் வயதைச் சொல்லும் கார்பன் டேட்டிங் அறிக்கையில் அதன் அளவையும் ஏன் போடுகிறார்கள்? உடம்புக்குள் கதிரியக்கக் கார்பன் இருப்பது ஆபத்தா? மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சிதைகிற அணுதான் சேதி சொல்லும், சிதையாத அணு சும்மா கிடக்கும் என்ற ஓர் எண்ணம் மூன்றுக்கும் அடியில் ஓடுவதாக எனக்குப் படுகிறது. இருபது ஆண்டுக்கு மேலாக மாதிரிகளைச் சுத்தம் செய்து, எரித்து, அளவிடுகிற வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வியில் உங்கள் கணக்கில் தவறே இல்லை. இந்தப் பூமி முழுவதும், பாறையும் இரும்பும் கடலுமாக இருப்பதெல்லாம், தொடக்கத்தில் கார்பன்-14 ஆகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாக்கிக்கொண்டே போனால், பத்து லட்சம் ஆண்டுக்குள் கடைசி அணுவும் போய்விடும். ஆகவே இன்றிருக்கும் கார்பன்-14 பூமி பிறந்தபோது வந்தது அல்ல, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அது தலைக்கு மேலே, வளிமண்டலத்தின் உயரங்களில், இந்த நொடியிலும் உண்டாகிக்கொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றிலுள்ள அணுக்கருக்களை உடைக்கின்றன, அதில் நியூட்ரான்கள் சிதறுகின்றன. அப்படி ஒரு நியூட்ரான் நைட்ரஜன்-14இன் கருவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், மிஞ்சுவது கார்பன்-14. அது பிறகு ஒரு பீட்டா துகளை, அதாவது வேகமான ஓர் எலக்ட்ரானை, உமிழ்ந்து பழையபடி நைட்ரஜனாகவே ஆகிவிடும். நைட்ரஜனில் பிறந்து நைட்ரஜனிலேயே முடிகிற ஓர் அணு.

இப்படி உலகம் முழுவதற்கும் ஓர் ஆண்டில் உண்டாவது ஏறத்தாழ ஏழு கிலோதான். ஓட்டைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டது போல நினைத்துக்கொள்ளுங்கள். நீர் குறைவாக இருந்தால் ஓட்டை வழியாக ஒழுகுவதும் குறைவு, மட்டம் ஏறும். ஏற ஏற ஒழுக்கும் கூடும். ஒரு கட்டத்தில் வருவதும் போவதும் சமமாகி மட்டம் அப்படியே நிற்கும். பூமியில் அந்த மட்டம் ஐம்பது, அறுபது டன் அளவில் நிற்கிறது. காற்று, கடல், காடு, மண், நீங்கள், நான் எல்லாம் சேர்த்த கணக்கு இது.

இயற்கையில் கிடைக்கிற கார்பனில் 98.9 விழுக்காடு கார்பன்-12, 1.1 விழுக்காடு கார்பன்-13. இரண்டும் விண்மீன்களுக்குள் சமைந்தவை, சூரியன் உருவாவதற்கு முன்பே இருந்தவை. கார்பன்-14 ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. கார்பன்-11 போன்ற மற்றவை நிமிடக்கணக்கிலோ அதற்கும் குறைவாகவோ வாழ்கிறவை. கார்பன்-11இன் அரை ஆயுள் இருபதே நிமிடம். மருத்துவமனையின் பெட் ஸ்கேனுக்காக அதைத் தயாரிக்கிறார்கள், ஆனால் இயற்கையின் கணக்கில் அதற்குப் பெரிய இடமில்லை.

மேலே பிறந்த கார்பன்-14 விரைவிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. செடி அதை இழுத்துக்கொள்கிறது, செடியைத் தின்னும் உயிருக்குள்ளும் அது போகிறது. உயிர் இருக்கும்வரை சிதைவதற்கு ஈடாகப் புதியது வந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் வரத்து நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். மார்ட்டின் காமனும் சாம் ரூபனும் பெர்க்லியில் 1940 பிப்ரவரியில் இந்த ஐசோடோப்பைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு கடிகாரமாகப் பயன்படும் என்று காட்டியவர் வில்லார்டு லிபி. சிகாகோவில் 1940களின் பிற்பாதியில் செய்த அந்த வேலைக்காக 1960இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

லிபியின் காலத்தில் சிதைவுகளை எண்ணினார்கள். உயிருள்ள பொருளிலிருந்து எடுத்த ஒரு கிராம் கார்பனில் ஏறத்தாழ 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். ஆனால் ஒரு நிமிடத்தில் சிதைவது பதிமூன்று, பதினான்குதான். அதனால் கிராம் கணக்கில் மாதிரி வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இன்று நாங்கள் கையாளுவது ஒரு மில்லிகிராம். அதில் நாளொன்றுக்குச் சிதைவது இருபதுக்குள்தான், எண்ணி முடிக்க ஆயுள் போதாது. ஆகவே 1970களின் இறுதியிலிருந்து வேறு வழி வந்தது. சிதைவதற்காகக் காத்திருக்காமல், அணுக்களை அதிவேகத்தில் ஓட்டும் துகள் முடுக்கியில் செலுத்தி, கார்பன்-14 அணுக்களையே ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். இதில் பெரிய இடைஞ்சல், கிட்டத்தட்ட அதே நிறையுள்ள நைட்ரஜன்-14. நல்வாய்ப்பாக நைட்ரஜன் அணு எதிர்மின் அயனியாக நிலைத்து நிற்காது, முடுக்கியின் வாசலிலேயே கழன்றுகொள்கிறது. அந்த ஓர் இயல்பு இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். நிலையானது என்றால் சிதையாது என்று மட்டும்தான் பொருள். இயற்கை அதை வேறுபடுத்திப் பார்க்காது என்று பொருள் இல்லை. கார்பன்-13, கார்பன்-12ஐவிட எட்டு விழுக்காடு கனமானது. கனமானது கொஞ்சம் மெதுவாக நகரும், கொஞ்சம் மெதுவாக வினைபுரியும். இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற ரூபிஸ்கோ என்ற நொதி லேசானதையே அதிகம் எடுத்துக்கொள்கிறது. அதனால் எந்தச் செடியின் உடம்பிலும் காற்றில் இருப்பதைவிடக் கார்பன்-13 குறைவு. இந்த வித்தியாசத்தை ஆயிரத்துக்கு எத்தனை என்று சொல்வது வழக்கம். ஒப்பிடுவதற்கு ஒரு பொதுவான அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் பீ டீ பாறை அடுக்கில் கிடைத்த ஒரு கடல் உயிரியின் சுண்ணாம்பு ஓட்டை அடிப்படையாகக் கொண்டது அது. அதைவிடக் கார்பன்-13 குறைவாக இருந்தால் எண்ணுக்குக் கழித்தல் குறி வரும். அதை வைத்துப் பார்த்தால் இன்றைய காற்று ஏறத்தாழ −8.5. நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் −27ஐ ஒட்டி வரும். மக்காச்சோளம், கரும்பு, கம்பு, சோளம் போன்றவை வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை, அவை −12, −13இல் நிற்கும். நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று குழம்பாது.

இந்த இடைவெளியை வைத்து நடக்கும் வேலைகள் ஏராளம். எலும்பில் இருக்கும் புரதத்தை அளந்தால், அந்த மனிதர் வாழ்நாளில் எந்த வகைச் செடியை நம்பிப் பிழைத்தார் என்பது தெரியும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்காச்சோளம் எப்போது முக்கிய உணவானது என்பதை 1970களில் இப்படித்தான் எலும்பிலிருந்து படித்தார்கள். தேனில் கரும்புச் சர்க்கரையோ மக்காச்சோளப் பாகோ கலந்திருந்தால் அதுவும் இந்த எண்ணில் பிடிபடும். விளையாட்டு வீரரின் சிறுநீரில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் உடம்பு தானே சுரந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று சோதிப்பதற்கும் கார்பன்-13தான். செயற்கை டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் −27 கூட்டத்துச் செடிகளின் மூலப்பொருளிலிருந்து தயாராவதால் அதன் எண் தனித்துத் தெரியும்.

சரி, வயதைச் சொல்லும் அறிக்கையில் கார்பன்-13 எதற்கு? செடி கார்பன்-13ஐ ஒதுக்கினால், இன்னும் கனமான கார்பன்-14ஐ ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒதுக்கும். அதாவது, சில மாதிரிகளில் பிறக்கும்போதே கார்பன்-14 குறைவு, சிலவற்றில் கூடுதல். வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கார்பன்-13இல் ஆயிரத்துக்கு ஒன்று மாறினால் வயதுக் கணக்கு 16 ஆண்டு பிசகும். ஒருமுறை ஒரே குழியிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகள் என் மேசைக்கு வந்தன. ஒன்று மரக்கரி, அதன் எண் −25. இன்னொன்று கருகிய சிறுதானியம், −11. திருத்தம் செய்யாத கணக்கில் தானியம் இருநூறு ஆண்டுக்கு மேல் இளையதாக நின்றது. பதினான்கைப் பதினாறால் பெருக்கிப் பாருங்கள், 224. கார்பன்-13இன் எண்ணைக் கொண்டு திருத்தியதும் இரண்டும் ஒரே காலத்துக்கு வந்து உட்கார்ந்தன. சிதையாத அணுவின் சாட்சி இல்லாமல் சிதைகிற அணுவின் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். எல்லா மாதிரிகளையும் −25 என்ற பொது நிலைக்குக் கொண்டுவந்த பிறகே வயதை எழுத வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள நடைமுறை.

மாதிரியைத் தயார் செய்வதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. நகம் அளவு மரக்கரித் துண்டு ஒன்று வருகிறது. மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால் கரியின் துவாரங்களுக்குள் முடி போன்ற வேர்கள் ஓடியிருக்கும். அவை நேற்றைய செடியின் வேர்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பஞ்சில் பொதிந்து அனுப்பியிருந்தால் பஞ்சு இழைகளும் இருக்கும், பஞ்சும் கார்பன்தான். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடேற்றினால், மண்ணிலிருந்து ஏறிய சுண்ணாம்பு நுரைத்துப் போகும். அடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு. குழாயிலிருக்கும் நீர் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறும், மக்கிய இலைதழைகளிலிருந்து ஊறிய ஹியூமிக் அமிலம் அது. கொட்டிவிட்டு மறுபடி, மறுபடி, நீர் தெளியும்வரை. கை கொஞ்சம் தவறினால் மாதிரியே கரைந்து போய்விடும். கடைசியில் திரும்பவும் அமிலம், ஏனென்றால் காரம் அறையின் காற்றிலிருந்தே இன்றைய கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருக்கும். உலர்த்தி, காப்பர் ஆக்சைடோடு குவார்ட்ஸ் குழாயில் வெற்றிடத்தில் அடைத்து, 900 டிகிரியில் எரித்து, வரும் வாயுவை இரும்புத் தூளின் மேல் ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்தால் பென்சில் தூள் போலக் கொஞ்சம் கிராஃபைட் மிஞ்சும். நாலைந்து நாள் வேலை, கண்ணுக்குத் தெரிவது ஒரு கரும்புள்ளி.

இத்தனை பாடு ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. கார்பன்-14 துளியும் இல்லாத மிகப் பழைய மாதிரியில் ஒரே ஒரு விழுக்காடு இன்றைய கார்பன் கலந்தால், அது 37,000 ஆண்டுப் பழமையானதாகத் தோன்றும். நேர்மாறாக, இன்றைய மாதிரியில் ஒரு விழுக்காடு பழங்கார்பன் கலந்தால் பிழை 80 ஆண்டுதான். பழைய மாதிரிகளில் எங்கள் பயமெல்லாம் புதுக் கார்பனைப் பற்றித்தான். 50,000 ஆண்டு ஆனால் கார்பன்-14இல் மிஞ்சுவது கால் விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்கு மேல் இந்த முறையால் வயது சொல்ல முடியாது. பழைய நிலக்கரியில்கூட மிகச் சிறிய அளவில் கார்பன்-14 அளவீட்டில் தென்படுவதை வைத்து, நிலக்கரியே சில ஆயிரம் ஆண்டுப் பழையதுதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். தயாரிப்பில் ஏறுகிற கறையும், கருவியின் சொந்தப் பின்னணியும், பாறையில் உள்ள யுரேனியத்தால் உண்டாகும் நியூட்ரான்களும் அந்த அளவை விளக்கப் போதுமானவை.

தொட்டியின் மட்டம் அப்படியே நிற்கும் என்று மேலே எழுதினேன். துல்லியமாகப் பார்த்தால் அது சரியில்லை. பூமியின் காந்தப்புலம் வலுத்தால் காஸ்மிக் கதிர் குறையும், சூரியன் உக்கிரமாக இருந்தாலும் குறையும், கடல் கார்பனை விழுங்கும் வேகமும் மாறும். லிபி மட்டம் மாறாதது என்று எடுத்துக்கொண்டார். மர வளையங்களை ஆண்டுவாரியாக எண்ணி, ஒவ்வொன்றையும் அளந்தபோது அது தவறு என்று தெரிந்தது. அதனால்தான் இன்று மர வளையம், குகைச் சுண்ணாம்புப் படிவம், ஏரியடி வண்டல் இவற்றைக் கொண்டு செய்த, அளந்த வயதை உண்மையான ஆண்டாக மாற்றித்தரும் அளவுத்திருத்த வளைகோடு இருக்கிறது. அறிக்கையில் 1950ஐ 'இன்று' என்று கொண்டு, லிபியின் பழைய 5,568 ஆண்டு அரை ஆயுளையே வைத்து ஒரு வயது இருக்கும். அது காலண்டர் ஆண்டு அல்ல. வளைகோட்டில் ஒப்பிட்டபின் வருவதுதான் காலண்டர் ஆண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய செய்திகளை நிறையப் பார்க்கிறேன்.

வளைகோடு சில இடங்களில் கைவிடும். கி.மு. 800 முதல் 400 வரை அது ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து மாதிரி எவ்வளவு சுத்தமானாலும், கருவி எவ்வளவு நுட்பமானாலும், பெரும்பாலும் முந்நூறு, நானூறு ஆண்டு அகலமான விடைதான் கிடைக்கும். வேறு சில இடங்களில் அதே வளைகோடு எதிர்பாராத பரிசு தருகிறது. கி.பி. 774–775இல் கார்பன்-14 ஒரே ஆண்டில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் எகிறியதை ஃபூஸா மியாகே ஜப்பானிய மர வளையங்களில் கண்டு 2012இல் வெளியிட்டார். 993இலும் அப்படி ஒரு துள்ளல் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் வெட்டிய மரத்தில் அந்த வளையத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பட்டை வரை 28 வளையம் எண்ணி, மரம் விழுந்த ஆண்டு 1021 என்று 2021இல் சொன்னார்கள். துள்ளல் நடந்தது உறுதி. சூரியனிலிருந்து வந்த துகள் புயல்தான் காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஆய்வகம் எவ்வளவு சரியாக அளந்தாலும் தீராத வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. கடல்வாழ் உயிர்கள் ஆழ்கடலின் பழங்கார்பனைப் பகிர்ந்துகொள்வதால், பிடித்த அன்றே ஏறத்தாழ 400 ஆண்டு வயதானவையாகக் காட்டும். முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் நடுத்தண்டை அடுப்பில் எரித்திருந்தால், கரியின் வயது அந்த நடுத்தண்டு வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர அடுப்பு எரிந்த காலத்தைச் சொல்லாது. என்னிடம் மாதிரி கொண்டு வருகிறவர்களிடம் தடித்த கட்டையைவிடச் சுள்ளியும் தானியமும் தாருங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான்.

இரண்டு ஐசோடோப்புகளும் சேர்ந்து சாட்சி சொல்லும் மிகப் பெரிய வழக்கு, காற்றில் ஏறிக்கொண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதல் எங்கிருந்து வந்தது? எரிமலையிலிருந்து என்றால் அதில் கார்பன்-14 இருக்காது, ஆனால் அதன் கார்பன்-13 எண் காற்றைவிடக் கனமான பக்கம். அழிந்த காட்டிலிருந்து மட்டும் என்றால் கார்பன்-13 குறையும், ஆனால் கார்பன்-14 ஏறத்தாழ அப்படியே இருக்கும். நடப்பது என்னவென்றால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. செடியாகப் பிறந்து, கார்பன்-14 முழுவதும் சிதையும்வரை மண்ணுக்குள் கிடந்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மட்டுமே இந்த இரட்டை அடையாளம் பொருந்தும். கார்பன்-14 இப்படி நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950களிலேயே மர வளையத்தில் கண்டார். நடுவில் அணுகுண்டுச் சோதனைகள் வந்து, 1963–64 வாக்கில் பூமியின் வட பாதியின் காற்றில் கார்பன்-14ஐ இரண்டு மடங்கு அளவுக்குக் கொண்டுபோயின. காற்றில் அணுகுண்டுச் சோதனையைத் தடைசெய்த 1963 உடன்படிக்கைக்குப் பின் அது இறங்கத் தொடங்கியது. இறங்குகிற அந்தச் சரிவையே கடிகாரமாக்கி, ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர், மூளைப் புறணியின் நரம்பணுக்கள் மனிதரின் வயதையே கொண்டவை என்று 2005இல் காட்டினார்கள். எரிபொருள் இதே வேகத்தில் எரிந்தால், 2050இல் நெய்யும் புதுத் துணியும் ஆயிரம் ஆண்டுப் பழந்துணியும் கார்பன்-14 அளவில் ஒன்றுபோல இருக்கும் என்று ஹெதர் கிரேவன் 2015இல் கணக்கிட்டார். எங்கள் தொழிலுக்கு அது உண்மையான கவலை.

கார்பன்-13ஐ அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. லேசான கார்பன் என்றால் உயிர் இருந்தது என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பாறைகளிலுள்ள கிராஃபைட்டில் செடியைப் போன்ற எண் வருகிறது. அது உயிரின் தடம் என்பவர்களும், சூட்டிலும் அழுத்தத்திலும் உயிரில்லாமலே அப்படி வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். செவ்வாயின் கேல் பள்ளத்தில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த சில மாதிரிகளில் −137 வரை எண் வந்ததாக 2022இல் அறிவித்தார்கள், பூமியில் செடிகள் எட்டாத எண் அது. நுண்ணுயிர் வெளியிட்ட மீத்தேன், புற ஊதா ஒளியில் கார்பன் டை ஆக்சைடு சிதைந்தது, விண்வெளித் தூசு மேகம் ஒன்றைச் சூரியக் குடும்பம் கடந்தது என மூன்று விளக்கங்களை அவர்களே முன்வைத்தார்கள். எண் உறுதியானது, அதன் பொருள் இன்னும் தீராதது.

உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். எழுபது கிலோ எடையுள்ளவரிடம் ஏறத்தாழ பதினாறு கிலோ கார்பன் இருக்கும். அதில் நொடிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன்-14 அணுக்கள் சிதைகின்றன. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்தப் பீட்டா துகளின் ஆற்றல் மிகக் குறைவு, திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. ஓர் ஆண்டில் அதனால் கிடைக்கும் கதிர்வீச்சு 0.01 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவு. இயற்கையிலிருந்து சராசரியாக ஒருவருக்குக் கிடைக்கும் மொத்தம் 2.4 மில்லிசீவர்ட். உங்கள் உடம்பிலுள்ள பொட்டாசியம்-40 இதைவிடப் பல மடங்கு கொடுக்கிறது. மரபணுவுக்குள் இருக்கும் ஒரு கார்பன் அங்கேயே நைட்ரஜனாக மாறுவதும் நடக்கிறதுதான். செல்லில் அன்றாடம் நேர்கிற எத்தனையோ பழுதுகளைச் சரிசெய்கிற அதே ஏற்பாடு இதையும் பார்த்துக்கொள்கிறது. இந்த அளவு கார்பன்-14ஓடுதான் பூமியில் எல்லா உயிர்களும் எப்போதும் வாழ்ந்து வந்திருக்கின்றன. ஆகவே இதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.